சோம்புத் தட்டில் ஒரு பத்து ரூபாய்

மதுரை சிம்மக்கல் பக்கம் ராத்திரிக் கடையில் நாலு இட்லி, ஒரு ஊத்தப்பம் சாப்பிட்டு எழுந்தால் சின்னத் தட்டில் சோம்போடு பில் வரும். மீதிச் சில்லறையில் பத்து ரூபாயைத் தட்டிலேயே விட்டு, "வர்றேண்ணே" என்று கிளம்புகிறோம். சப்ளையர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

அவருக்குத்தான் என்று சொல்லிவிட முடியாது. குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 500 ரூபாய், டிப்ஸ் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிப்ஸும் கூலியில் சேரும் என்று சட்டம் சொன்னால், முதலாளி 350 கொடுத்தால் போதும். சப்ளையர் வீட்டுக்குக் கொண்டுபோவது 500. டிப்ஸே விழாத நாளில் முதலாளி முழுசாகக் கொடுத்தாக வேண்டும், அன்றைக்கும் 500. அப்படியானால் நாம் வைத்த 150ம் அவர் கை வழியாகக் கல்லாவுக்குத்தான் போயிருக்கிறது! இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது.

அமெரிக்காவில் இது நடைமுறை. 1966இல் சட்டத்தில் நுழைந்தது. அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், டிப்ஸ் வாங்குபவருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991இலிருந்து அந்த 2.13 அசையவே இல்லை. பிரிட்டன் 2009 அக்டோபரில் இந்த வழியை அடைத்துவிட்டது.

நம் நாட்டில் காப்பாற்றுவது ஒரு சொல்லின் விளக்கம். 1948ஆம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் கூலி என்பது வேலை ஒப்பந்தப்படி தரவேண்டிய பணம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அடிப்படை அதுதான். வாடிக்கையாளருக்கும் சப்ளையருக்கும் நடுவே ஒப்பந்தம் ஏது? 2016இல் ஐடிசி ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம், கார்டில் வந்த டிப்ஸை நிர்வாகமே வாங்கிப் பிரித்துக் கொடுத்தாலும் வருமான வரிக் கணக்கில் அது சம்பளமாகாது என்றது. அது வரி வழக்குதான். ஆனாலும் கொடுப்பவர் வாடிக்கையாளர், முதலாளி இல்லை என்பது அதில் தெளிவாகிவிட்டது.

"சாப்பாடு போடுறோம், தங்க இடம் தர்றோம், டிப்ஸ் வேற விழுது" என்று சம்பளப் பேச்சில் சொல்பவர்கள் இன்னும் உண்டு. நல்லா வேலை பார்த்தால் நல்லா விழும் என்றும் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் லின், 2000இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். டிப்ஸின் ஏற்ற இறக்கத்தில் பரிமாறும் தரத்துக்கு இருந்த பங்கு 2 சதவீதம்கூட இல்லை. பரோட்டா மாஸ்டரையே பாருங்கள். கல்லின் அனலில் நின்று மாவை வீசி அடிப்பவர் அவர். சோம்புத் தட்டு அவர் பக்கம் வருவதே இல்லை.

இப்போது எல்லாம் போனில். 87 ரூபாய் என்றால் 87தான் போகிறது, மீதிச் சில்லறை என்று ஒன்றில்லை. போன வாரம் நான் ஸ்கேன் செய்ததும் கல்லாப் பெட்டியருகே ஸ்பீக்கர் தொகையைச் சொல்லியது. பக்கத்தில் நின்ற சப்ளையர் சோம்புத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.