நடைபயணக் கத்தியைத் தேர்ந்தெடுத்தல்

நடைபயணக் கத்தி என்பது காடு, மலைப் பகுதிகளில் பல நாள்கள் நடப்பவர்களும், புஷ்கிராஃப்ட் எனப்படும் காட்டுவாழ்வுத் திறன்களைப் பழகுபவர்களும் எடுத்துச் செல்லும் சிறிய மடங்காக் கத்தி ஆகும். இதில் அலகும் பிடியும் அசையாதபடி இணைக்கப்பட்டிருக்கும். உணவு நறுக்குதல், கயிறு அறுத்தல், கூடார முளை செதுக்குதல், காய்ந்த குச்சியைச் சீவித் தீ மூட்டுதல் ஆகியவை இதன் முதன்மையான வேலைகள். இந்த வேலைகளுக்குத் தடித்த, நீண்ட கத்தி தேவையில்லை. கத்தி பெரிதானால் சுமை கூடும். நுணுக்கமாகச் சீவுவதும் கடினமாகும்.

மடக்குக் கத்தியுடன் ஒப்பீடு

மடக்குக் கத்தி சட்டைப் பையில் அடங்கும். ஆனால் அதன் மூட்டில் மண்ணும் உணவுத் துணுக்கும் சேரும். அழுத்தி வேலை செய்யும்போது பூட்டு நழுவினால் அலகு விரலின் மேல் மடியும். மடங்காக் கத்தியில் அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் இந்த ஆபத்து இல்லை; கழுவுவதும் எளிது. குளிரில் விறைத்த கையாலும் உறையிலிருந்து உருவ முடியும்.

வட ஐரோப்பிய மரபு

சிறிய, மெல்லிய கத்தியைக் கொண்டே காட்டு வேலைகளைச் செய்யும் மரபு வட ஐரோப்பாவில் வலுவாக உள்ளது. பின்லாந்தில் இவ்வகைக் கத்தி பூக்கோ எனப்படுகிறது. சுவீடனின் டாலர்னா மாநிலத்திலுள்ள மோரா வட்டாரம் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கு 1891இல் தொடங்கப்பட்ட ஃப்ரோஸ்ட் தொழிற்கூடமும் 1912இல் தொடங்கப்பட்ட எரிக்சன் தொழிற்கூடமும் 2005இல் ஒன்றிணைந்தன. அந்நிறுவனம் இன்று மோராக்னிவ் என்ற பெயரில் இயங்குகிறது. சிவப்பு வண்ணம் பூசிய பூர்ச்சமரப் பிடியுடைய பழைய மோரா கத்தி, தச்சர்களும் உழவர்களும் அன்றாடம் பயன்படுத்திய மலிவான கருவியாகும். கனடாவைச் சேர்ந்த காட்டுவாழ்வுப் பயிற்றுநர் மோர்ஸ் கோசான்ஸ்கி (இறப்பு: 2019) தம் மாணவர்களுக்கு இவ்வகை எளிய கத்தியையே பரிந்துரைத்தார்.

நீளமும் எடையும்

அலகின் நீளம் உள்ளங்கையின் அகலத்துக்குச் சமமாக, அதாவது ஏறத்தாழ 8 முதல் 11 செ.மீ. வரை இருப்பது பொதுவான அளவாகும். இதைவிட நீண்டால் கத்தியின் நுனி கையிலிருந்து விலகிப் போவதால், சிறு வேலைகளில் கட்டுப்பாடு குறையும்.

எடை வேறுபாட்டைச் சில எடுத்துக்காட்டுகளால் அறியலாம். மோரா கம்பேனியன் வகையின் அலகு சுமார் 10.4 செ.மீ. நீளமும் 2.5 மி.மீ. தடிப்பும் உடையது. உறையுடன் சேர்த்து அதன் எடை ஏறத்தாழ 115 கிராம். அதே நிறுவனத்தின் கார்பெர்க் வகையில் அலகு 3.2 மி.மீ. தடிப்புடையது; உறை நீங்கலாகக் கத்தி மட்டுமே சுமார் 170 கிராம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை பயன்படுத்திய கே-பார் கத்தியின் அலகு சுமார் 18 செ.மீ.; எடை 300 கிராமுக்கும் மேல். உருளைக்கிழங்கு நறுக்கவும் குச்சி சீவவும் இம்மூன்றில் மிக இலகுவானதே ஏற்றது.

எஃகின் வகை

இக்கத்திகள் கார்பன் எஃகு, துருப்பிடிக்கா எஃகு என இரு வகை எஃகால் செய்யப்படுகின்றன.

கார்பன் எஃகு நன்கு கூர் ஏறும், தீட்டுவதும் எளிது. ஆனால் மழையிலும் கடற்காற்றிலும் விரைவில் துருப்பிடிக்கும். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பொருள்களை நறுக்கினால் கறுக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

துருப்பிடிக்கா எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். கத்திகளுக்கென்று சுவீடனில் உருவாக்கப்பட்ட 12சி27 எஃகில் குரோமியம் 13.5 விழுக்காடும் கார்பன் 0.6 விழுக்காடும் உள்ளன. ஈரமான இடங்களில் நடப்பவர்களுக்கும், பராமரிக்க நேரம் இல்லாதவர்களுக்கும் இவ்வகையே பொருத்தமானது. துருப்பிடிக்கா எஃகு என்ற பெயர் இருந்தாலும், ஈரத்துடன் உறையில் பல நாள் கிடந்தால் இதிலும் துருப்புள்ளிகள் தோன்றலாம்.

வெட்டுவாயின் அமைப்பு

ஸ்காண்டிநேவிய முறையில் அலகின் இருபுறமும் அகன்ற ஒரே சரிவு வெட்டுவாய் வரை செல்லும். தீட்டும்போது அச்சரிவைத் தீட்டுக்கல்லில் படியவைத்துத் தேய்த்தால் போதும். கோணத்தைக் கணிக்க வேண்டியதில்லை. ஆகவே புதிதாகப் பழகுபவர்களுக்கு இது உகந்தது. மரம் சீவுவதில் இவ்வமைப்பு சிறந்து விளங்கும். காய்கறி நறுக்குவதற்கு அகலமான, முதுகிலிருந்தே மெலிந்து வரும் அலகு மேலானது. கேரட் போன்ற கடினமான காயைத் தடித்த ஸ்காண்டிநேவிய அலகு சீராக நறுக்காமல் பிளந்துவிடும்.

காம்பும் பிடியும்

அலகின் பின்பகுதி காம்பாக நீண்டு பிடிக்குள் செல்கிறது. அது பிடியின் நீளம், அகலம் முழுவதும் இருந்தால் முழுக்காம்பு எனப்படும். விறகின் மேல் கத்தியை வைத்து, அதன் முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கும் கடுமையான வேலையை இது தாங்கும். ஆனால் எடை கூடும். மெல்லிய காம்புடைய கத்தி இலகுவானது. எனினும் அதைக் கொண்டு முடிச்சு விழுந்த கட்டையைப் பிளப்பதும், நெம்புகோல்போல் நெம்புவதும் கூடாது. விறகு பிளக்க வேண்டிய பயணத்தில் சிறு கோடரி அல்லது கைவாளைச் சேர்த்துக்கொள்வதே முறை.

மரபான பூக்கோவில் விரல் தடுப்பு இருக்காது. குத்தி அழுத்தும்போது கை முன்னோக்கி வழுக்கினால் விரல் வெட்டுவாயில் படும். பழக்கமில்லாதவர்கள் சிறு தடுப்புள்ள, ஈரத்திலும் வழுக்காத பிடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உறை

உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. நெகிழி உறை இலகுவானது, நீரை உறிஞ்சாது. தோல் உறை ஓசையின்றி இருக்கும். ஆனால் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் கார்பன் எஃகுக் கத்தியை அதில் நெடுநாள் வைத்திருக்கக் கூடாது.

பாதுகாப்பு

மருத்துவமனைக்குப் பல மணிநேரம் நடக்க வேண்டிய இடத்தில் சிறு காயமும் பெரிதாகிவிடும். உட்கார்ந்து சீவும்போது இரு தொடைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டக்கூடாது. தொடையின் உட்புறத்தில் பெரிய தமனி செல்வதால், அங்கு ஆழமாக வெட்டுப்பட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, உடலுக்கு அப்பால் சீவ வேண்டும். கை நீட்டினால் எட்டும் தொலைவில் வேறு எவரும் இருக்கக்கூடாது. மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால் அது எளிதில் வழுக்கும்.

சட்டம்

பிரித்தானியாவில் பொது இடத்தில் மடங்காக் கத்தியை வைத்திருக்கத் தகுந்த காரணம் வேண்டும். 1988ஆம் ஆண்டின் சட்டம் 3 அங்குலத்துக்கு மிகாத வெட்டுவாயுடைய மடக்குக் கத்திக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. சுவீடனிலும் பொது இடங்களில் உரிய காரணமின்றிக் கத்தி வைத்திருக்கத் தடை உள்ளது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதன் வரையறையில் கத்தியையும் சேர்த்துள்ளது. எழுத்துமூல முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் நுழைவது குற்றமாகும். சமையலுக்கென்று எடுத்துச் சென்றாலும் முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டறிவது அவசியம். விமானப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது. பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் உறையுடன் வைக்க வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

• பயணத்தில் கத்திக்குள்ள வேலை எது: சமையலா, மரம் சீவுதலா, விறகு பிளத்தலா?
• செல்லும் இடத்தில் கத்தி எடுத்துச் செல்ல அனுமதி உண்டா?
• அலகு உள்ளங்கை அகலத்தை ஒட்டியும், 2 முதல் 3 மி.மீ. தடிப்பிலும் உள்ளதா?
• உறையுடன் சேர்த்து மொத்த எடை எவ்வளவு?
• ஈரக் கையாலும் பிடி வழுக்காமல் இருக்கிறதா?
• பயன்படுத்துபவருக்கு அதைத் தீட்டத் தெரியுமா?

கடைசிக் கேள்விக்கு இல்லை என்பது விடையானால், விலை உயர்ந்த கத்தியைத் தேடாமல் விலை குறைந்த கத்தி ஒன்றையும் தீட்டுக்கல் ஒன்றையும் வாங்கி வீட்டிலேயே பழகுவது பயன் தரும்.