சில்லறைக் காசில் மட்டாஞ்சேரி

கொச்சி ஒரே நிலம் அல்ல. தண்ணீரால் பிரிந்து கிடக்கும் பல துண்டு நிலங்கள் சேர்ந்ததுதான் கொச்சி. ரயில் வந்து நிற்பது எறணாகுளத்தில். உயர்ந்த கட்டிடங்களும் பெரிய கடைகளும் அங்கேதான் இருக்கின்றன. பழைய ஊர் காயலுக்கு மேற்கே இருக்கிறது. கடல் ஓரத்தில் இருப்பது கோட்டைக் கொச்சி. அதை ஒட்டி இருப்பது மட்டாஞ்சேரி.

தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் எறணாகுளம் வழியாகப் போகிறார்கள். சபரிமலைக்குப் போகிறார்கள். குருவாயூருக்குப் போகிறார்கள். வேலை தேடியும் போகிறார்கள். ஆனால் பலர் பழைய ஊரைப் பார்ப்பதில்லை. ‘அது வெளிநாட்டுக்காரர் பார்க்கிற இடம், நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று நினைக்கிறார்கள். காரும் வழிகாட்டியும் வைத்துக்கொண்டால் செலவு ஆகும்தான். கால்நடையாகப் போனால் அப்படி இல்லை. படகுக் கூலி, அரண்மனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சாப்பாட்டு விலைக்குள் அடங்கிவிடும்.

எந்த நாள் போவது என்பதில்தான் முதல் கவனம் வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் ஆலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேலும் அங்கே உள்ளே விடுவதில்லை. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். அது வெள்ளி மாலையிலேயே தொடங்கிவிடும். இது தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. ஆகவே இந்த இரண்டு நாளும் வேண்டாம்.

படகில் போவது

எறணாகுளம் படகுத் துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு அரசுப் படகு போகிறது. கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை இதை நடத்துகிறது. கட்டணம் சில்லறைக் காசுதான். கூலி வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரர்களும் இதில்தான் போகிறார்கள். வழியில் பெரிய கப்பல்கள் தெரியும். வில்லிங்டன் தீவும் தெரியும். அது இயற்கையான தீவு அல்ல. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி அதை உண்டாக்கினார்கள்.

2023-இல் ‘வாட்டர் மெட்ரோ’ என்ற புதுப் படகுகளும் கொச்சியில் ஓடத் தொடங்கின. குளிர்சாதன வசதி உள்ளவை. பேட்டரியில் ஓடுகின்றன. நல்ல படகுதான். ஆனால் கட்டணம் அரசுப் படகைப் போலப் பல மடங்கு. காற்று வாங்கிக்கொண்டு போக அரசுப் படகே மேல்.

துறையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சிலர் வந்து சூழ்ந்துகொள்வார்கள். மிகக் குறைந்த காசுக்கு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்வார்கள். காசு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் பெரிய கடைகளில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஆளைக் கொண்டுவந்ததற்குக் கடைக்காரர் அவர்களுக்குத் தரகு கொடுப்பார். பார்க்க வந்தவரின் பாதி நாள் கடையிலேயே கழிந்துவிடும். துறையிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். வெயில் ஏறுவதற்கு முன் நடந்துவிடலாம்.

மிளகு மணக்கும் தெரு

நடக்கிற வழிதான் பஜார் ரோடு. ஒரு பக்கம் காயல். இரண்டு பக்கமும் பழைய பண்டகசாலைகள். மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள் மூட்டைகள் இங்கே வந்து இறங்கின. இன்றும் சில கிட்டங்கிகளில் அந்த வாசனை இருக்கிறது. மூக்கால் பார்க்க வேண்டிய தெரு இது.

இந்த மிளகுக்காகத்தான் கொச்சி மேல் இத்தனை பேர் கண் வைத்தார்கள். சங்கப் பாடல்கள் பேசுகிற முசிறித் துறைமுகம் இதற்கு வடக்கே இருந்தது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் முசிறி மண்மூடிப் போனது, கொச்சியில் கடல்வாய் திறந்தது என்று சொல்கிறார்கள். அதற்குப் பின் கொச்சி துறைமுகமாக வளர்ந்தது. 1500-இல் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1663-இல் டச்சுக்காரர் அவர்களைத் துரத்தினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரைத் துரத்தினார்கள்.

மூட்டை சுமந்தவர்களின் கதையை வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் தெரு வேறு மாதிரி தெரியும். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேலை கிடைக்க ‘சாப்பா’ வேண்டும். சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. காலையில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலைக்காகக் காத்து நிற்பார்கள். ஆள் எடுக்கிறவர் வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவார். எல்லோரும் பாய்வார்கள். ஒருவரை ஒருவர் மிதிப்பார்கள். யார் கையில் வில்லை சிக்குகிறதோ அவருக்கு அன்று வேலை. சிக்காதவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

இந்த முறை வேண்டாம் என்று தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். பின்னாளில் சாப்பா முறை ஒழிந்தது. இந்தக் கதையை வைத்து 2023-இல் ‘துறமுகம்’ என்ற மலையாளப் படம் வந்தது.

அரண்மனையும் ஆலயமும்

மட்டாஞ்சேரி அரண்மனையை ‘டச்சு அரண்மனை’ என்கிறார்கள். பெயர் சரியில்லை. கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். சுமார் 1555-இல் கட்டிக் கொச்சி அரசருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். டச்சுக்காரர் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள். பெயர் மட்டும் அவர்களுக்குப் போய்விட்டது.

வெளியே பார்த்தால் பெரிய வீடு போலத்தான் இருக்கும். உள்ளே சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. அரசர் படுத்த அறையின் சுவர்களில் இராமாயணம் முழுக்கதையும் ஓவியமாக இருக்கிறது. தசரதன் செய்த யாகத்தில் கதை தொடங்குகிறது. எழுத்தே தெரியாதவரும் சுவரைப் பார்த்துக் கதை சொல்லிவிடலாம். சிவப்பும் மஞ்சளும் மண், கல்லிலிருந்து எடுத்தவை. கறுப்பு, விளக்குக் கரியில் எடுத்தது. இங்கே அவசரப்படக் கூடாது. அரை மணி நேரமாவது வேண்டும்.

அரண்மனைக்குப் பக்கத்தில் யூதர் தெரு. தெருக் கோடியில் மணிக்கூண்டு. அதை ஒட்டி யூதர் ஆலயம். 1568-இல் கட்டப்பட்டது. சுமார் நூறு ஆண்டு கழித்துப் போர்த்துக்கீசியர் கையில் சேதமடைந்து, மீண்டும் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். தோள் தெரியாத உடை வேண்டும். மேலே கண்ணாடி விளக்குகள் தொங்கும். ஆனால் கீழே குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையுமான ஓடுகள். 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவை. ஒவ்வொன்றும் கையால் வரையப்பட்டது. ஆகவே ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

1948-இல் இஸ்ரேல் நாடு உண்டானது. அதற்குப் பின் கொச்சி யூதர்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டார்கள். இன்று யூதர் தெருவில் யூதர்கள் அநேகமாக இல்லை. அவர்கள் இருந்த வீடுகள் பழம்பொருள் கடைகளாகவும் துணிக் கடைகளாகவும் மாறிவிட்டன. அங்கே பார்க்கக் காசு இல்லை. வாங்கத்தான் காசு. முதலில் சொல்கிற விலையை யாரும் கொடுப்பதில்லை.

மட்டாஞ்சேரியில் குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் எல்லோரும் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். 1904-இல் கட்டிய சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே தினமும் நண்பகலில் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் அந்த நேரத்துக்கு அங்கே போனால் நல்லது.

தமிழ் கேட்கும் சலவைத் துறை

கோட்டைக் கொச்சியில் வெளி என்ற பகுதி இருக்கிறது. அங்கே ‘தோபி கானா’ என்ற சலவைத் துறை உண்டு. உள்ளே போனால் தமிழ் கேட்கும். இங்கே வேலை செய்கிறவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர் தங்கள் படையாட்களின் உடைகளைத் துவைக்கத் தமிழ் நாட்டுப் பகுதியிலிருந்து இவர்களின் முன்னோர்களைக் கூட்டிவந்தார்கள். டச்சுக்காரர் போய்விட்டார்கள். ஆங்கிலேயரும் போய்விட்டார்கள். துவைத்தவர்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள். இன்றைய துறை 1976-இல் கட்டப்பட்டது.

ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பு. அதில் ஒரு தொட்டி, ஒரு கல். துவைத்த துணியை வெளியே வெயிலில் காயப் போடுகிறார்கள். கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். துணியின் ஓரத்தை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் போதும். எவ்வளவு காற்று அடித்தாலும் பறக்காது. தேய்ப்பதற்குக் கனமான கரிப் பெட்டிகள். வீட்டுக்கு வீடு சலவை இயந்திரம் வந்தபின் இவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போகிறார்கள். இது வேடிக்கை இடம் அல்ல, வேலை செய்கிற இடம். படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். தமிழிலேயே கேட்கலாம்.

மாலையில் கடற்கரை

கடற்கரைக்குப் போகிற வழியில் பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோட காமா 1524-இல் கொச்சியில் இறந்தார். இங்கேதான் புதைத்தார்கள். 14 ஆண்டு கழித்து எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். கல்லறைக் கல் இன்னும் இருக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது மேலே தொங்கும் துணி விசிறிகள். அவற்றின் கயிறு சுவர் வழியாக வெளியே போகிறது. அந்தக் காலத்தில் வெளியே ஓர் ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே துரைமார்களுக்குக் காற்று வரும்.

கடைசியாகச் சீன வலைகள். பார்க்கக் காசு கிடையாது. ஏற்றம் போன்ற அமைப்புதான். ஒரு முனையில் பெரிய வலை. மறுமுனையில் கயிற்றில் கட்டிய கற்கள். ஓர் ஆள் மரத்தின் மேல் நடந்தால் அந்தக் கனத்துக்கே வலை தண்ணீருக்குள் இறங்கும். சிறிது நேரம் கழித்து நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கற்கள் கீழே வர, வலை மேலே வரும். மீன் சில நேரம் ஒரு கைப்பிடிதான் இருக்கும். வலைக்காரர்கள் ‘நீங்களும் இழுங்கள்’ என்று கூப்பிடுவார்கள். இழுத்தால் பிறகு காசு கேட்பார்கள். பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கினால் சமைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. மீன் விலை, சமையல் கூலி இரண்டையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். மத்தியானச் சோற்றுக்கு மட்டாஞ்சேரிச் சந்துகளில் உள்ள சிறு கடைகளே மலிவு.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. படகு போய்விட்டால் தோப்பும்படி வழியாக எறணாகுளத்துக்குப் பேருந்து இருக்கிறது.