கிட்டப்பார்வை: திரை மட்டுமா காரணம்?

தொலைக்காட்சியை ஒட்டி உட்காரும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், கண்ணைப் பரிசோதித்து விடுங்கள். பல வேளைகளில் அது கெட்ட பழக்கமல்ல, ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வையின் அடையாளம்.

இக்குறையில் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுகிறது. தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுவதால் வகுப்புப் பலகை மங்குகிறது. கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும். நீண்ட விழியைச் சுருக்காது.

ஜொகூர் பெற்றோர் சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் இருக்கிறது. அங்கும் சிட்னியிலும் வாழும் 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. தொடுதிரைக் கைப்பேசி சிறுவர் கைக்கு வராத காலம் அது. சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 மட்டுமே. இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகளே அதிகப் புத்தகம் படித்தார்கள்! ஆனால் வாரத்தில் 13.75 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ 3.05 மணி நேரம்தான்.

பகல் வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன், விழி நீள்வதைத் தடுப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கைப்பேசியோ கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. பிள்ளையைத் திடலுக்கும் விடுவதில்லை.

தினமும் 2 மணி நேரம் வெளியே விடுங்கள், கண்ணாடி போடும் நிலை வருமுன்பே. வெயில் சுடுகிறதா? மரநிழல் போதும். அங்கேயும் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.