பழைய டேங்க்: ஒட்டுப் போடுவதா, புதிதாகக் கட்டுவதா?

எங்க தொழிலில் அடிக்கடி வரும் கேள்வி இது: பழைய கோடையே திருத்துவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா? எண்ணெய் டேங்குக்கும் இதே கேள்விதான். ஆனால் பதில் தப்பினால் பாதிப்பு ஊருக்கே வரும்.

1988 ஜனவரி 2. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஃப்ளோரெஃப். ஆஷ்லேண்ட் ஆயிலின் டேங்க் ஒன்று முதல் தடவை முழுசாக நிரப்பும்போதே பிளந்தது. கொள்ளளவு சுமார் 40 லட்சம் கேலன். ஓஹையோவில் இருந்த நாற்பது வருஷப் பழைய டேங்கைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி வெல்டிங் செய்திருந்தார்கள். ஏழு லட்சம் கேலனுக்கு மேல் டீசல் மொனாங்ககீலா ஆற்றில் கலந்து, சுமார் பத்து லட்சம் பேரின் குடிநீர் ஆதாரம் கெட்டது.

சரி, எப்படி முடிவெடுப்பது? முதலில் தகட்டின் கனம். 12 மி.மீ. தகடு 20 வருஷத்தில் 9 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 0.15 மி.மீ. தேய்மானம். அந்த உயரத்துக்குக் குறைந்தபட்சம் 6 மி.மீ. வேண்டும் என்றால் மீதி ஆயுள் 20 வருஷம். அப்படியானால் டேங்கை மாற்ற அவசரமில்லை.

அடித்தட்டு மட்டும் அரித்திருந்தால் அதை மட்டும் புதிதாகப் போடலாம். சுவர் அப்படியே இருக்கும். சுவரின் கீழ் வளையம் மெலிந்திருந்தால் மூணாவது வழி ஒன்று உண்டு: நிரப்பும் உயரத்தைக் குறைப்பது. அழுத்தம் உயரத்தைப் பொறுத்ததுதானே! அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி சுவரே கோணியிருந்தால்தான் புது டேங்கின் பக்கம் கணக்கு சாயும்.

ஆனால் ஃப்ளோரெஃப் டேங்க் உடைந்தது தேய்மானத்தால் இல்லை. வெல்டிங் பக்கத்தில், மறுபடி கட்டுவதற்கு முன்பே இருந்த ஒரு சின்னக் குறை. பழைய எஃகு குளிரில் வளையாமல், கண்ணாடி மாதிரி சட்டென்று உடையும். கனம் அளக்கும் கருவி இதைச் சொல்லாது. அதனால் எந்த வருஷத்து எஃகு, எந்தக் குளிரில் நிற்கப்போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதையெல்லாம் முறைப்படுத்தும் ஏ.பி.ஐ. 653 விதிமுறை 1991-ல் வந்தது. பெரிய ரிப்பேருக்குப் பிறகு தண்ணீர் நிரப்பிச் சோதிப்பது அதில் முக்கியம். ஃப்ளோரெஃப்பில் முழு உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், உடைந்தாலும் ஆற்றுக்குப் போயிருப்பது வெறும் தண்ணீர்தான்.