எம்.பி. இல்லாத 14 மாதம்

புனே நகரில் விமான் நகர் இருக்கிறது. இது புனே மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. 2019 தேர்தலில் இங்கு வென்றவர் கிரீஷ் பாபட். 2023 மார்ச் 29 அன்று அவர் காலமானார். எம்.பி. இடம் காலியானது.

சட்டம் என்ன சொல்கிறது? இடம் காலியானால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் தேவையில்லை. நடத்துவது கடினம் என்றாலும் விலக்கு உண்டு.

அப்போது ஓராண்டுக்கு மேல் மீதி இருந்தது. ஆனாலும் இடைத்தேர்தல் நடக்கவில்லை. பொதுத்தேர்தல் வேலை இருக்கிறது, அதனால் கடினம் என்றது தேர்தல் ஆணையம்.

புனேவாசி ஒருவர் மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். டிசம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. மக்களைப் பிரதிநிதி இல்லாமல் விடக் கூடாது, உடனே தேர்தல் நடத்துங்கள் என்றது நீதிமன்றம்.

ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜனவரியில் அந்தத் தீர்ப்புக்குத் தடை கிடைத்தது. மே 13 அன்று புனேயில் பொதுத்தேர்தலே நடந்துவிட்டது. இனி இடைத்தேர்தல் எதற்கு?

வழக்குப் போட்டவர் உயர் நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் பயிர் காய்ந்த பின் பெய்த மழையாகப் போனது அந்தத் தீர்ப்பு. 14 மாதம் புனே மக்களுக்காக மக்களவையில் பேச ஆள் இல்லை. தேர்தல் வழக்குகளைக் காலத்தோடு முடிக்க வேண்டாமா? நீங்களும் கூடிப் பேசுங்கள்.