வாய்க்காலில் வாய் எது, கால் எது?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். தண்ணீர் கல்லணையைத் தாண்டியதும் தஞ்சாவூர்ப் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: “நம்ம வாய்க்காலுக்கு வந்துருச்சாண்ணே?” அந்தச் சொல்லுக்குள் ஒரு வாயும் ஒரு காலும் கிடப்பதை யார் நினைக்கிறார்கள்? திருப்பிப் போட்டால் கால்வாய். கால் என்பதற்கே நீரோடும் வழி என்ற பொருளும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் எல்லை சொல்லும்போது ‘கண்ணாறு’ வரும். வயலுக்குப் பாயும் சிறு வாய்க்கால் அது. பாலத்துக்கும் மதகுக்கும் இன்றும் ‘இத்தனை கண்’ என்றுதான் கணக்கு.

உடம்பை நிலத்தின் மேல் பூசிப் பேசும் மொழிகள் பல. எந்த உறுப்பை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் சுவாரசியம். ஆங்கிலத்தில் ஆற்றின் வாய் என்றால் அது கடலில் கலக்கும் இடம். ஆறு முடிகிற இடம். நம் மடைவாயோ வயல் குடிக்கத் தொடங்கும் இடம். நாம் கடைமடை என்பதை ஆங்கிலம் வால் என்கிறது.

அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரை நம்பி வாழும் உஸ்பெக்குகள் இன்னும் வேடிக்கை. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரியும் திறப்பு அவர்களுக்கு ‘குலோக்’, அதாவது காது. நம் ஆள் மண்வெட்டியால் வரப்பை ஒரு கொத்து கொத்தி மடையைத் திறப்பதுபோல, அவர் ‘கெத்மன்’ என்னும் மண்வெட்டியால் காதைத் திறக்கிறார். வேலை ஒன்றுதான், உறுப்புதான் வேறு.

மனசுக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. உடன்பிறந்தவரை உஸ்பெக்கர் ‘ஜிகர்’ என்பார், ஈரல் என்று பொருள். மகிழ்ச்சியில் அவர் தலை வானத்தைத் தொடும். நமக்குத் தலைகால் புரியாது. வெள்ளைக்காரருக்குப் பாதம் குளிர்ந்தால் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். நமக்கு வயிறு குளிர்ந்தால் நிறைவு, எரிந்தால்தான் ஆற்றாமை. வெயிலில் நாற்று நடுகிறவன் மொழியில் குளிர்ச்சி எப்படிக் கெட்டதாகும்? சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் இடறி விழுவது இங்கேதான்.

சொற்களுக்குள் உறுப்புகளைத் தேட ஆரம்பித்தால் நிற்காது. குறுவை நெல்லை அறுத்த வயலில் அடுத்து நடுவது தாளடி. தாள் என்றாலும் கால், அடி என்றாலும் கால்.