உஷார்! மிச்சச் சோற்றை கேரி பேக்கில் முடிச்சுப் போடாதீர்கள்

லீவு விட்டாச்சு, மூணாறுக்குக் கிளம்புகிறீர்களா? போடிமெட்டு ஏறும்போது மிஞ்சிய தயிர்சாதத்தை கேரி பேக்கில் கட்டி ஓரமாக வீசுகிற பழக்கமிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். "மக்குற சோறுதானே, மண்ணுக்கு உரம்" என்ற சமாதானம் செல்லாது. முடிச்சுக்குள் காற்றுப் புகாது. சோறு உரமாகாமல் அழுகி நாறும். அந்த வாடையை எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வரும் யானை, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நிற்காது. உப்பும் எண்ணெயும் ஊறிய பையையும் சேர்த்தே விழுங்கும்.

மூணாறு பஞ்சாயத்தின் கல்லாறு கழிவு ஆலையில் காய்கறிக் கழிவுக்காகப் புகுந்த படையப்பா என்ற கொம்பன் யானை, பிளாஸ்டிக்கையும் சேர்த்து மென்றது. உரமாக்கத்தான் கழிவை அங்கே கொண்டுபோனார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்! 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் செத்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. கருவில் குட்டியும் இருந்தது. இலங்கையில் அம்பாறை பள்ளக்காடு குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் மாண்டதாக 2022-ல் செய்தி வந்தது.

பை இல்லாவிட்டாலும் ஆபத்துதான். நம் சாப்பாட்டின் ருசி கண்ட யானை ஊரை விடாது. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, கம்பம் தெருவில் வந்து நின்றது.

எல்லை தாண்டி வரும் கேரளக் குப்பை லாரிகளை மறித்துச் சண்டை போடுகிறோம், நியாயம்தான். அதே ரோட்டில் நம் கார் ஜன்னலிலிருந்து விழும் பொட்டலத்தை யார் மறிப்பது?

மூடி போட்ட டப்பா ஒன்று வண்டியில் இருக்கட்டும். மிச்சம் வீட்டுக்கே திரும்பட்டும். மூணாறில் காட்டேஜ், ஹோட்டல் நடத்துகிறவர்களுக்குக் கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி முறை இருக்கிறது: காற்றோட்டமுள்ள தொட்டியில் சாணம், சருகு, உணவுக்கழிவு என்று அடுக்கினால் சுமார் 90 நாளில் உரம். சருகைக் குறைத்தால் நாறும், நாறினால் விருந்தாளி வருவார். தொட்டிக்குக் கூரையும் பலமான சுற்றுச்சுவரும் கட்டாயம். யானையை இழுக்கும் பலாச்சக்கைத் தோலை மட்டும் ஒரு ராத்திரிகூட வெளியே போட்டுவைக்காதீர்கள்.